கொச்சி, ஆலப்புழையில் குழந்தைக்குக் காரமில்லாத உணவு

ஒன்றரை வயது மகள் காரம் தொடமாட்டாள் என்பதற்காகக் கொச்சியிலும் ஆலப்புழையிலும் பிரட்டை வைத்தே சமாளிக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம்! கேரளத்துக் காலை உணவு சின்னக் குழந்தைகளுக்கு அவ்வளவு பொருத்தமானது. ஆப்பத்தின் மெத்தென்ற நடுப்பகுதி, தேங்காய்ப்பாலில் ஊறிய இடியாப்பம், பழத்தோடு பிசைந்த புட்டு, எதிலும் மிளகாய் இல்லை. ஆப்பத்தோடு தரும் தேங்காய்ப்பால் குழம்பான ஸ்ட்யூவில் மட்டும் பச்சை மிளகாயும் மிளகும் போடுவார்கள், அது உங்களுக்கு.

என் முதல் பரிந்துரை ஆவியில் வெந்த நேந்திரம்பழம். ‘பழம் புழுங்கியது’ என்று கேளுங்கள், சாதாரண டீக்கடையிலும் கிடைக்கும். நடுவிலுள்ள கறுப்பு விதைப் பகுதியை நீக்கிவிட்டு, மசித்து ஊட்டுங்கள். வயிறு நன்றாக நிறையும்.

மதியம் கிடைக்கும் மட்டை அரிசிச் சோறு பருமனானது. தயிர் வாங்கி நன்றாகக் குழையப் பிசைய வேண்டும். குடும்பஸ்ரீ என்ற கேரள அரசின் மகளிர் சுயஉதவித் திட்டப் பெண்கள் நடத்தும் உணவகம் கண்ணில் பட்டால் தயங்காமல் நுழையுங்கள். கூட்டம் சேருமுன், பன்னிரண்டரைக்குள் போனால் பொறுமையாக ஊட்டலாம். மசாலா தடவி வாழையிலையில் பொதிந்து சுடும் கரிமீன் பொள்ளிச்சதை நீங்கள் இருவரும் அவசியம் சாப்பிடுங்கள். முள் அதிகம், மகளுக்கு வேண்டாம். மேசையில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் வைத்தால் பயப்படாதீர்கள், பதிமுகம் என்ற மரத்தின் கட்டைச் சீவல் போட்டுக் கொதிக்கவைத்தது அது.