சங்கிலி தைத்த சட்டை

வணக்கம் ஐயா,

கோவையில் சிறிய தையல் கடை வைத்திருக்கிறேன். பாரிஸ், மிலான் ஃபேஷன் ஷோக்களைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிக்கிறேன். அந்த உடைகளை யார்தான் உடுத்துவார்கள் என்ற சந்தேகம் மட்டும் தீரவில்லை. 2026 கோடைப் பருவத்துக்கான ஷோக்களில் உங்களுக்கு மிகவும் பிடித்த உடை எது? அவற்றில் எது கடைத்தெரு வரை வரும்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சட்டை. 2025 அக்டோபர் 6 அன்று பாரிஸின் கிராண்ட் பாலே அரங்கில், ராட்சதக் கோள்கள் தொங்கிய கூரைக்குக் கீழே, வடிவமைப்பாளர் மத்தியூ பிளேஸி பிரெஞ்சு ஆடை நிறுவனமான ஷனேலுக்காகத் தம் முதல் ஷோவை நடத்தினார். அதில் ஆண்களுக்கான அளவில் வெட்டிய சட்டையை, இரவு விருந்துக்கு உடுத்தும் பெரிய பாவாடையோடு சேர்த்து அணிவித்திருந்தார். தைத்துக் கொடுத்தது 1838 முதல் பாரிஸில் சட்டை தைத்துவரும் ஷார்வே. ஷனேலைத் தொடங்கிய கேப்ரியல் ஷனேல் தம் காதலர் பாய் கேப்பலின் உடைகளை எடுத்து அணிந்தவர் என்பதால், இந்தச் சட்டைக்கு அந்த நிறுவனத்தோடு பழைய உறவு உண்டு.

என்னை ஈர்த்தது அந்தக் கதையன்று, சட்டையின் கீழ்மடிப்பு. ஷனேல் ஜாக்கெட்டுகளின் உள்ளே, கீழ் ஓரத்தை ஒட்டி மெல்லிய சங்கிலி ஒன்றைத் தைப்பது நெடுநாள் வழக்கம். அதன் எடையால் ஜாக்கெட் தூக்கிக்கொள்ளாமல் நேராக நிற்கும். பிளேஸி அதே சங்கிலியைச் சட்டைக்குக் கொண்டுவந்தார். புடவைக்கு ஃபால்ஸ் வைத்துத் தைக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை: கொசுவம் படிந்து விழுவதற்கு நாம் ஒரு பருத்திப் பட்டியை நம்புகிறோம், அவர்கள் சங்கிலியை நம்புகிறார்கள், அவ்வளவுதான் வேறுபாடு.

இதற்கு அடுத்தபடியாக, மிலானில் இத்தாலிய நிறுவனமான போட்டேகா வெனெட்டாவுக்காக வடிவமைப்பாளர் லூயிஸ் டிராட்டர் காட்டிய கண்ணாடி இழை உடைகளைச் சொல்வேன். மறுசுழற்சி செய்த இழைகள் கொத்துக் கொத்தாகப் பாவாடையிலிருந்து எழுந்து நின்றன. மாடல் ஓரடி வைக்கும்போதெல்லாம் அவை சிலிர்த்து நிறம் மாறின. புகைப்படத்தில் அது வெறும் புதர்போலத்தான் தெரியும், ஆகவே காணொளியில் பாருங்கள்.

பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். பாரிஸ் ஆடை நிறுவனமான மெசோன் மார்ஜியெலாவின் ஷோவில் அதன் வடிவமைப்பாளர் கிளென் மார்ட்டென்ஸ், மாடல்களின் வாயைத் திறந்தபடியே பிடித்து நிறுத்தும் உலோகக் கவ்விகளை மாட்டிவிட்டார். கோட்டுகளின் வெட்டு அருமையாக இருந்தும் என் நினைவில் தங்கியவை பற்கள்தான். அந்த ஷோவுக்கு வாத்தியம் வாசித்தவர்கள் குழந்தைகள் என்பது வேறு.

யார் உடுத்துவார்கள் என்று கேட்டீர்கள். ராம்ப்பில் வருவதை அப்படியே உடுத்துபவர்கள் மிகச் சிலர். ஷோ முடிந்து ஏறக்குறைய ஆறு மாதங்கள் கழித்துத்தான் அந்த உடைகள் கடைக்கு வரும்; அதற்குள் மலிவு விலை நிறுவனங்கள் அவற்றின் உருவரையை எடுத்துக்கொண்டு, துணியையும் உள்வேலையையும் விட்டுவிடும். கண்ணாடி இழை நம் தெருவுக்கு வராது என்றாலும், அது கிளப்பிவிட்ட ஆசை குஞ்சம் தொங்கும் ஓரங்களாக வரும் என நினைக்கிறேன். ஸ்பானிய நிறுவனமான லோவேயின் ஷோவில் பளிச்சென்று நின்ற சிவப்பும் மஞ்சளும் நீலமும் வரும். சில ஆண்டுகளாகச் சாம்பலையும் பழுப்பையும் பார்த்துச் சலித்தவர்களுக்கு அது ஆறுதல். ஆனால் பரவலாக வரப்போவது, தொளதொளப்பான சட்டையும் கனத்த பாவாடையும் சேர்ந்த ஜோடிதான் என்பது என் கணிப்பு, ஏனென்றால் அதன் பாதி எல்லா வீட்டு அலமாரியிலும் ஏற்கெனவே இருக்கிறது.

உங்கள் கடைக்கும் யாராவது அந்தப் படத்தைக் கைபேசியில் கொண்டுவருவார்கள். மெல்லிய பாப்ளினில் தைத்தால் சட்டை காற்றில் எழும்பிப் படம்போல நிற்காது. அப்போது கீழ்மடிப்பை அகலமாக விட்டு, உள்ளே ஒரு ஃபால்ஸ் துண்டை வைத்துப் பாருங்கள். புடவைக்குச் செய்வதுபோலவே அதை முதலில் நனைத்துக் காயவைத்துவிட வேண்டும், இல்லையென்றால் முதல் சலவையிலேயே ஓரம் சுருங்கிக்கொள்ளும்.