கேமரா கேள்வி–பதில்

கேள்வி: பேட்டரியே தேவைப்படாத பழைய 35 மி.மீ. கேமராவில் ஒரு ரோல் முழுக்க எடுத்தேன். கழுவி வந்த நெகட்டிவ் வெறும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. லேப் செய்த தவறா?

பதில்: நெகட்டிவின் ஓரத்தைப் பாருங்கள். எண்களும் ஃபிலிம் பெயரும் தெளிவாகத் தெரிந்தால் கழுவியதில் குறையில்லை. பெரும்பாலும் ஃபிலிம் நகர்ந்தே இருக்காது. அதன் நுனி, ஃபிலிமை இழுத்துச் சுற்றும் சுருள் தண்டின் பிளவிலிருந்து நழுவியிருக்கும். எத்தனை படம் என்று காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், பல கேமராக்களில் உள்ளே ஃபிலிம் இல்லாவிட்டாலும் அது ஓடும்!

அடுத்த ரோலை மாட்டும்போது, இரு ஓரத் துளைகளும் பற்சக்கரத்தில் உட்கார்ந்த பிறகே பின்மூடியைச் சாத்துங்கள். ஃபிலிமைத் திரும்பச் சுற்றும் ரீவைண்டு குமிழை அம்புக்குறிப் பக்கம் லேசாக இறுகும்வரை மட்டும் திருப்புங்கள். இனி ஃபிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளும்போதெல்லாம் அந்தக் குமிழ் எதிர்த்திசையில் சுழல வேண்டும். சுழலவில்லையா? உடனே திறந்து மறுபடி மாட்டுங்கள். வீணாவது சில அங்குலம்தான்.

கேள்வி: வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர் இல்லாமல் ஷட்டர் வேகமும் லென்ஸ் துவார அளவும் வைப்பது எப்படி?

பதில்: ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர் திறன்) 100 ஃபிலிமுக்கு ஷட்டரை 1/125 நொடியில் வையுங்கள். லென்ஸ் துவாரம் நல்ல வெயிலுக்கு எஃப் 16, மேகமூட்டத்துக்கு எஃப் 8, நிழலுக்கு எஃப் 4. சந்தேகமென்றால் கலர் நெகட்டிவுக்கு ஒரு ஸ்டாப் (அதாவது இரு மடங்கு வெளிச்சம்) கூடவே கொடுங்கள். கழுவியதும் நேரடிப் படமாகவே வரும் ஸ்லைடு ஃபிலிமில் மட்டும் அந்தத் தாராளம் கூடாது, வெளுத்துவிடும்.