பெர்மாங்கனேட் நிறம் போனால் மெத்தனாலா?

வணக்கம் ஐயா,

கரியமில வாயுவை ஒளியால் எரிபொருளாக மாற்றும் ஆராய்ச்சி பற்றி நீங்கள் எழுதியதைப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். நாலு பேர் உடனே இறங்கிவிட்டார்கள். பெயிண்ட் கடையில் டைட்டானியம் டை ஆக்சைடு வாங்கி, கால் லிட்டர் தண்ணீரில் அரை கிராம் கலக்கினார்கள். சமையல் சோடாவில் வினிகர் ஊற்றி வந்த வாயுவை அதற்குள் விட்டு, ரப்பர் கார்க்கால் மூடி, ஒரு பிள்ளையின் வீட்டு வளவில் காலை பத்து முதல் மூன்று மணி வரை வெயிலில் வைத்தார்கள். பிறகு பெர்மாங்கனேட் கரைசல் இரண்டு சொட்டு விட்டதும் நிறம் போய்விட்டது. மெத்தனால் வந்துவிட்டது என்கிறார்கள். கண்காட்சியில் அப்படி எழுதி வைக்கலாமா?

இன்னொன்று. அந்த வீட்டில் பூச்சு வேலை பார்க்கும் கொத்தனார், "சுண்ணாம்புச் சுவரே காத்துலேருந்து அந்த வாயுவ இழுத்துத்தான் இறுகுது, அதுக்கு வெயிலா வேணும்?" என்று கேட்டாராம். பிள்ளைகளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மீ.,
வேதியியல் ஆசிரியை, தேவகோட்டை

*

அன்புள்ள டீச்சருக்கு,

அப்படி எழுத வேண்டாம். ஆனால் சோதனையைக் கைவிடவும் வேண்டாம்.

கொத்தனார் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன், விஷயத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. நீற்றிய சுண்ணாம்பு கரியமில வாயுவை வாங்கிக் கால்சியம் கார்பனேட் ஆவது தானாக நடக்கும் வினை. கொஞ்சம் ஈரம் இருந்தால் போதும். அதற்கான ஆற்றலை ஏற்கெனவே காளவாசலில் செலவழித்தாயிற்று: கல்லை ஏறத்தாழ 900 டிகிரியில் சுட்டு விரட்டிய வாயுவைத்தான் சுவர் திரும்ப வாங்குகிறது. இதில் எலக்ட்ரான் எதுவும் கைமாறவில்லை. மெத்தனாலுக்கு அப்படியில்லை. ஒரு மூலக்கூறுக்கு ஆறு எலக்ட்ரான் வேண்டும். ஒரு மோலுக்குச் சுமார் 700 கிலோஜூல் வெளியிலிருந்து வர வேண்டும். வெயில் அதற்குத்தான்.

அந்த எலக்ட்ரான் எங்கிருந்து வருகிறது? செட்டிநாட்டில் கணக்கெழுதிய வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை ஐந்தொகையாகச் சொல்லலாம். புற ஊதா ஒளி பட்டதும் டைட்டானியம் டை ஆக்சைடில் ஓர் எலக்ட்ரான் மேல் ஆற்றல் பட்டைக்கு ஏறுகிறது, கீழே ஒரு துளை விழுகிறது. பெரும்பாலான எலக்ட்ரான்கள் எந்த வேலையும் செய்யாமல் திரும்பத் துளையிலேயே விழுந்துவிடும். தப்பியவை கரியமில வாயுவிடம் போகலாம், அல்லது தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனை உண்டாக்கலாம். துளை தண்ணீரிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கினால் ஆக்சிஜன் வரும். ஆகவே இரண்டு மெத்தனால் உண்டானால் மூன்று ஆக்சிஜன் மூலக்கூறு வந்தே தீர வேண்டும். ஆக்சிஜன் வரவில்லை என்றால் துளை வேறெதையோ தின்றிருக்கிறது. அந்த வேறெதுவோ பெரும்பாலும் அழுக்கு.

உங்கள் பாட்டிலில் அழுக்கு மூன்று வழியில் நுழைந்திருக்கிறது.

முதலாவது, பெயிண்ட் பொடி. அது பெரும்பாலும் ரூட்டைல் என்ற படிக வகை. வெயிலில் பெயிண்ட் பவுடராக உதிராமல் இருக்க அதன் ஒளிவினையை வேண்டுமென்றே அடக்கி, அலுமினா, சிலிக்கா பூசியிருப்பார்கள். நன்றாகக் கலப்பதற்காக மேலே கரிமப் பூச்சும் இருக்கும். கரியமில வாயுவை மாற்றத் தேர்ந்தெடுக்க வேண்டிய கடைசிப் பொடி அது.

இரண்டாவது, வினிகர். நுரைத்து வரும் வாயுவோடு வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்தின் ஆவியும் சேர்ந்து வருகிறது. பிளாட்டினம் ஏற்றிய டைட்டானியம் டை ஆக்சைடில் ஒளி பட்டால் அசெட்டிக் அமிலம் உடைந்து மீத்தேன் தரும் என்று கிராய்ட்லரும் பார்டும் 1978-லேயே காட்டிவிட்டார்கள். அதனால் இந்த ஆராய்ச்சியில் இறங்குகிறவர்கள் அசெட்டிக் அமிலத்தின் வாடைகூடப் பாட்டிலுக்குள் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, ரப்பர் கார்க். வெந்நீர் அளவுக்குச் சூடாகும் பாட்டிலில் அதிலிருந்து கரிமப் பொருட்கள் கசியும்.

அளவைப் பார்த்தால் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று புரியும். நல்ல பொடி ஒரு கிராமுக்கு ஒரு மணி நேரத்தில் 10 மைக்ரோமோல் மெத்தனால் தருகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அரை கிராம், ஐந்து மணி நேரம்: 25 மைக்ரோமோல். எடையில் 0.8 மில்லிகிராம், அதாவது ஒரு சொட்டில் ஐம்பதில் ஒரு பங்கு. பொடியில் 0.3 சதவீதம் கரிமம் ஒட்டியிருந்தாலே 1.5 மில்லிகிராம் ஆகிவிடும். தேடும் பொருளைவிட அழுக்கு இரண்டு மடங்கு. பெர்மாங்கனேட்டுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, ஆக்சிஜனேற்றம் ஆகக்கூடிய எதைக் கண்டாலும் நிறம் இழக்கும். பொடி மிதக்கும் கரைசலில் வெயிலிலேயே சொட்டு விட்டிருந்தால், அந்த ஒளியே பெர்மாங்கனேட்டைச் சிதைத்திருக்கும்.

வெயில் போதவில்லையோ என்று பிள்ளைகள் கேட்கலாம். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட், அதில் புற ஊதா 4 முதல் 5 சதவீதம். பாட்டிலின் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்றால் கிடைப்பது கிட்டத்தட்ட ஒரு வாட். ஐந்து மணி நேரத்தில் ஏறத்தாழ 50 மில்லிமோல் ஃபோட்டான். அத்தனையும் வேலை செய்தால் கால் கிராம் மெத்தனால் வர வேண்டும். நம் தாராளக் கணக்கில் வந்த 25 மைக்ரோமோலுக்குச் செலவானது நூற்றுக்கு 0.3 ஃபோட்டான்தான். வளவில் வெயில் தேவைக்கு மேலேயே இருக்கிறது. பொடிதான் அதைப் பயன்படுத்தத் திணறுகிறது.

இந்தத் திணறலில்தான் இத்துறை நிற்கிறது. 1979-இல் இனோவே, ஃபுஜிஷிமா, கொனிஷி, ஹோண்டா நால்வரும் நீரில் மிதக்கும் குறைகடத்திப் பொடிகளில் ஒளி பாய்ச்சி ஃபார்மிக் அமிலம், ஃபார்மால்டிஹைடு, மெத்தனால் ஆகியவற்றைக் கண்டார்கள். உங்கள் பிள்ளைகள் செய்தது அதன் பேரப்பிள்ளை. நேர்கோடாக இருக்கும் கரியமில வாயு மூலக்கூறு ஒற்றை எலக்ட்ரானை வாங்க வளைய வேண்டும், அதற்கு சுமார் மைனஸ் 1.9 வோல்ட் தேவை. டைட்டானியம் டை ஆக்சைடின் இன்னொரு படிக வகையான அனடேஸின் எலக்ட்ரானிடம் மைனஸ் 0.5 அளவில்தான் இருக்கிறது. பரப்பில் ஒட்டிக்கொண்டு, புரோட்டானும் எலக்ட்ரானும் சேர்ந்தே ஏறும் வழியில் மட்டும் வினை நகரும். தப்பித்தவறி மெத்தனால் உண்டானாலும், தண்ணீரைவிட எளிதாக அதைத்தான் துளை முதலில் தின்னும். என் கருத்தில் இந்த ஆராய்ச்சியில் மெத்தனால் என்று அறிவிப்பவர்களிடம் கூடுதல் ஆதாரம் கேட்க வேண்டும். கார்பன்-13 என்ற சற்றே கனமான கார்பன் உள்ள கரியமில வாயுவைக் கொடுத்து, வந்த பொருளிலும் கார்பன்-13 இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அந்த ஆதாரம். கார்பன் மோனாக்சைடு என்றால் மூலக்கூறின் நிறையைக் காட்டும் நிறைமாலையில் 28 அல்ல, 29 வர வேண்டும்.

பள்ளியில் கார்பன்-13 கிடையாது. அது இல்லாமலும் நேர்மையாகச் செய்ய இப்படி ஒரு வழி உண்டு. ஆய்வகத் தர அனடேஸ் பொடியோ, அனடேஸும் ரூட்டைலும் கலந்த பி-25 பொடியோ வாங்குங்கள். அருகில் கல்லூரியில் மஃபிள் ஃபர்னஸ் என்ற உயர்சூட்டு உலை இருந்தால் காற்றில் 400 டிகிரியில் நான்கு மணி நேரம் சுட்டுத் தரச் சொல்லுங்கள், ஒட்டிய கரிமம் எரிந்துவிடும். 600-ஐத் தாண்ட வேண்டாம், ரூட்டைலாக மாறத் தொடங்கும். வாயுவுக்கு வினிகர் வேண்டாம். உங்கள் ஆய்வகத்தில் கிப் உபகரணம் இருக்குமே, சலவைக்கல் சில்லும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் போதும். வாயுவைச் சோடியம் பைகார்பனேட் கரைசல், பிறகு தண்ணீர் வழியே விட்டுக் கழுவுங்கள். கண்ணாடி மூடி உள்ள நிறமற்ற ரீஏஜென்ட் பாட்டில் நான்கு, கிரீஸ் தடவாமல். பழுப்பு பாட்டில் புற ஊதாவைத் தடுத்துவிடும். 170 மில்லி காய்ச்சி வடித்த நீர், 0.2 கிராம் பொடி. மேலே இடம் காலியாக விடுங்கள், சூட்டில் வாயு நீரிலிருந்து வெளியேறி மூடியைத் தள்ளும். 25 டிகிரியில் லிட்டருக்கு 1.45 கிராம் கரைந்திருப்பது 35 டிகிரியில் 1.1 ஆகக் குறைகிறது. பாட்டிலைப் படுக்க வைத்துப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் பொடி அடியில் தங்கித் தன் நிழலிலேயே கிடக்கும்.

முதல் பாட்டிலில் பொடி, வாயு, வெயில் மூன்றும். இரண்டாவதில் அதே மூன்றும், ஆனால் அலுமினியத் தாள் சுற்றி அதே வெயிலில், சூடு ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றாவதில் கொதிக்க வைத்து மூடி ஆறிய நீரும் பொடியும், வாயு இல்லை. நான்காவதில் வாயுவும் வெயிலும் மட்டும், பொடி இல்லை. மாலையில் நிழலில் வைத்து, பொடியை மையவிலக்கியிலோ நுண்வடிகட்டியிலோ பிரித்த பிறகு, நிறம் நிலைக்கும் வரை பெர்மாங்கனேட் எத்தனை சொட்டு போகிறது என்று எண்ணுங்கள். சாதாரண வடிதாளில் பி-25 பால் போல இறங்கிவிடும்.

பொடி உயிரோடு இருக்கிறதா என்பதைத் தனியே காட்டலாம். லிட்டருக்கு 10 மில்லிகிராம் மெத்திலீன் நீலம், 1 கிராம் பொடி, அரை மணி நேரம் இருட்டில் கலக்கிவிட்டு வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் வெளிறுவது கண்ணுக்கே தெரியும். பெயிண்ட் பொடியில் அதே அளவு வைத்து அருகில் நிறுத்தினால் வித்தியாசமும் தெரியும். பொடியே இல்லாத நீலக் கரைசல் ஒன்றும் அவசியம், சாயம் வெயிலில் தானாகவும் கொஞ்சம் வெளுக்கும்.

நான்கு பாட்டிலிலும் ஒரே சொட்டு எண்ணிக்கை வந்தால், அட்டையில் அந்த நான்கு எண்களையும் எழுதி, "மெத்தனால் உண்டாகியிருந்தாலும் இந்தச் சோதனைக்கு எட்டும் அளவில் இல்லை" என்று எழுதச் சொல்லுங்கள். முதல் பாட்டில் மட்டும் தனித்து நின்றால் மாதிரியைக் குளிரில் மூடி வைத்து எனக்கு எழுதுங்கள். மெத்தனாலைக் கண்டறிய உதவும் குரோமோட்ரோபிக் அமிலச் சோதனையை எப்படிச் செய்வது என்று விவரமாக அனுப்புகிறேன். அதில் அடர் கந்தக அமிலம் வருகிறது, பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.