அந்த சுவரை ஏன் வெளிய வெச்சாங்க?

கேள்வி: ஹாம்பர்க்ல மாற்றுத்திறனாளிகள் இல்லத்துல கேர் ட்ரெயினியா இருக்கேன். எங்கள ஆல்ஸ்டர்டோர்ஃப்ல இருக்கற பழைய சர்ச் மாற்றுத்திறனாளிகள் இல்லத்துக்கு கூட்டிட்டுப் போய், நாஜி காலத்துல அந்த இல்லமே தன்கிட்ட இருந்தவங்கள சாக அனுப்பினத காட்டினாங்க. தூக்கமே வரல. ஊர்ல அப்பா சபை ஊழியர், "எதிர்த்திருந்தா உயிர் போயிருக்கும், இத்தன வருஷம் கழிச்சு சபை அழுக்க ஏன் தெருவுல அலசணும்"ங்கறார். என்ன சொல்றது?

பதில்: தங்கச்சி, தூக்கம் வராம போனதுல தப்பே இல்லம்மா. எனக்கும் இத முதல்ல படிச்சப்போ அப்படித்தான் இருந்துச்சு.

அப்பா சொல்ற பயம் நிஜம்தான். ஆனா லோபெடால்ங்கற இடத்துல இல்லம் நடத்தின பிரவுனங்கற பாதிரியார், 1940 ஜூலைல நாஜி அரசாங்கம் இல்லங்கள்ல இருந்த மாற்றுத்திறனாளிகள கொல்றதப் பத்தி விவரமா எழுதி அரசாங்கத்துக்கே குடுத்தார், ரகசிய போலீஸ் கெஸ்டபோ அவர புடிச்சு உள்ள போட்டுச்சு, சில மாசத்துல வெளிய வந்துட்டார். பிஷப் காலென் 1941 ஆகஸ்ட் 3 அன்னிக்கு மூன்ஸ்டர்ல பிரசங்கத்துலயே இது கொலைன்னு சொன்னார், அந்த மாசமே விஷவாயு கொலைகள நிறுத்தச் சொல்லி ஹிட்லர் உத்தரவு போட்டான், அதுக்குள்ள 70,000 பேர் போயாச்சு. அப்புறமும் பட்டினி போட்டும் மருந்து குடுத்தும் கொல்றது நிக்கவே இல்ல.

இப்ப ஆல்ஸ்டர்டோர்ஃபுக்கு வா. அங்க டைரக்டரா இருந்தவரும் பாதிரியார்தான், பேரு லென்ஷ். 1938லயே யூத நோயாளிகள வெளிய அனுப்பிட்டார். காலென் பேசி ரெண்டு வருஷம் ஆனப்புறம், 1943ல ஹாம்பர்க் மேல குண்டு விழுந்து கட்டடம் சேதமானப்போ, இடம் வேணும் இவங்கள வேற எங்கயாவது மாத்துங்கன்னு சுகாதாரத்துறைகிட்ட அவராதான் கேட்டார். அந்த ஆகஸ்ட்ல பெண்களும் சிறுமிகளுமா 228 பேர வியன்னாவுக்கு அனுப்பினாங்க, பெரும்பாலானவங்க உயிரோட திரும்பல. மொத்தமா அந்த இல்லத்துலேருந்து போனவங்க 600க்கு மேல, கொல்லப்பட்டவங்க 500க்கு மேல. இதெல்லாம் வெறும் பயத்துல நடந்ததுன்னு என்னால ஒத்துக்க முடியலம்மா. போருக்கப்புறம் அவர் ஹாம்பர்க்லயே ஒரு சபைல பாதிரியாரா இருந்தார், 1974ல கோர்ட் விசாரணையவே ஆரம்பிக்கல. 1980கள்ல அந்த இல்லத்துல வேல பாத்தவங்களே பழைய ஃபைல தோண்டினப்புறம்தான் முழுசா வெளிய வந்துச்சு. அழுக்க அலசினது வெளியாள் இல்ல, வீட்டாள்தான்.

வேலைய விடாதே. யாரக் கொல்றதுன்னு முடிவு பண்ண நாஜிங்க இல்லங்களுக்கு அனுப்பின படிவத்துல, ஒருத்தர் என்ன வேல செய்வார்னு ஒரு கேள்வி இருந்துச்சு, அத வெச்சும்தான் உயிர முடிவு பண்ணாங்க. நீ ரிப்போர்ட் எழுதறப்போ அவங்களுக்கு என்ன பாட்டு புடிக்கும், யார பாத்தா சிரிப்பாங்கங்கறதையும் ரெண்டு வரி சேத்து எழுது.

அப்பாவோட வாதாட வேணாம். 1938ல லென்ஷ் ஆல்ஸ்டர்டோர்ஃப் சர்ச் பலிபீடத்து சுவர்ல வரைய வெச்ச படம் இருக்கில்ல, சிலுவைல இயேசு, சுத்தி 15 பேர், 12 பேருக்கு ஒளிவட்டம், மூணு பேருக்கு இல்ல. அந்த மூணு பேரும் மாற்றுத்திறனாளிங்க. அவங்கள மாதிரி இருந்தவங்க ஞாயிறு தவறாம அதுக்கு முன்னாடிதான் உக்காந்து ஜெபம் பண்ணாங்க. அந்த சுவரையே அறுத்து எடுத்து வெளிய வெச்சு, 2022ல நினைவிடமா திறந்தாங்க. அத போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பு, ஒளிவட்டத்த எண்ணிப் பாக்கச் சொல்லு.