இரண்டு மணி டீ

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். ஊர் திருப்பூர். ஸ்டடி லீவ் விட்டதிலிருந்து ராத்திரி முழுக்கப் படித்துவிட்டு விடிகாலை நாலு மணிக்குத்தான் படுக்கிறேன். எழுந்திருக்கப் பதினொன்று ஆகிவிடுகிறது. ராத்திரியில்தான் பாடம் மண்டையில் ஏறுகிறது. அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். ஐந்தரைக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு எட்டு மணிக்குக் கிளம்பிவிடுவார். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து எனக்கு டீ போட்டு வைத்துவிட்டு மறுபடி படுப்பார். பல நாள் ஆடை படிந்து ஆறிப்போன பிறகுதான் அதைக் குடிப்பேன். போன வாரம் பள்ளியில் வைத்த டெஸ்டில் எழுதும்போதே கண் சொருகிவிட்டது. சீக்கிரம் படுத்தாலும் தூக்கம் வருவதில்லை. பரீட்சைக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: தம்பி, உன் கடிதம் முழுக்க உன் தூக்கம்தான். அம்மாவின் தூக்கம் ஒரே இடத்தில் வருகிறது, அதுவும் டீயைச் சொல்லும்போது. நான் அங்கிருந்துதான் தொடங்கப் போகிறேன்.

பனியன் கம்பெனியில் எட்டரைக்கு ஷிப்ட். ஆர்டர் இருக்கும் நாளில் ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் வீடு வந்து சேர ஒன்பது ஆகும். செக்கிங் என்றால் டியூப்லைட் வெளிச்சத்தில் ஒவ்வொரு பீஸாகப் புரட்டி ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எல்லாம் பார்க்க வேண்டும். பெரும்பாலும் நின்றபடியே. அப்படி நின்ற கால் படுக்கையில் நீண்டு மூன்று மணி நேரம் ஆகுமா? அதற்குள் எழுந்து உனக்கு டீ. அப்புறம் மறுபடி ஐந்தரைக்கு. அந்த டீயைத்தான் நீ ஆடை படிய விட்டுக் குடிக்கிறாய்.

இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பதினேழு வயதில் ஒரு டம்ளர் டீ போடத் தெரியாதா? தெரியும். அம்மா போடுகிறார், அதனால் நீ போடவில்லை. பிள்ளை படிப்புக்காகத் தாய் கண் விழிப்பதைத் தியாகம் என்று கொண்டாடிப் பழகிவிட்டோம். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. வளர்ந்த பிள்ளை இருக்கிற வீட்டில் தாய் நிம்மதியாகத் தூங்க வேண்டும். படிக்கிற பையனுக்கு வீட்டில் ஒரு கடமையும் இல்லை என்று உனக்கு யார் சொன்னது?

சரி, உன் தூக்கத்துக்கு வருகிறேன். அதைக் கெடுப்பதிலும் அந்த டீக்குப் பங்கு உண்டு. டீயில் உள்ள காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். ராத்திரி இரண்டரைக்குக் குடித்ததில் பாதி, காலை எட்டு மணிக்கும் உனக்குள் இருக்கிறது.

உன் வயதில் உடம்பின் கடிகாரம் இயல்பாகவே கொஞ்சம் பின்தங்கி ஓடும். ராத்திரியில்தான் ஏறுகிறது என்று நீ சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆனால் கேள்வித்தாள் கைக்கு வருவது காலை பத்து மணிக்கு. படிக்கப் பத்து நிமிடம், விவரங்களைச் சரிபார்க்க ஐந்து நிமிடம், பத்தேகாலிலிருந்து ஒன்றேகால் வரை எழுத வேண்டும். பதினொன்று மணி வரை தூங்கிப் பழகிய உடம்புக்குத் தூக்கம் அழுத்திப் பிடிக்கிற நேரமே எட்டு, ஒன்பது மணிதான். பத்து மணிக்கு உனக்கு இன்னும் விடிந்திருக்காது.

படுக்கிற நேரத்தை மாற்றப் பார்த்தாய், முடியவில்லை. எழுகிற நேரத்தை மாற்று. நாளைக்குப் பத்து, மறுநாள் ஒன்பது, அப்புறம் எட்டு, ஏழு, ஆறு. ஆறாம் நாள் ஐந்தரை. வீம்புக்கு முதல் நாளே ஐந்தரைக்கு எழாதே. உடம்புக்கு நடு ராத்திரியாக இருக்கிற நேரத்தில் வெளிச்சம் பட்டால் அதன் கடிகாரம் இன்னும் பின்னால்தான் போகும். எழுந்ததும் புத்தகத்தைத் தொடாமல் அரை மணி நேரம் மொட்டை மாடியில் வெளிச்சம் கண்ணில் பட நட. ஐந்தரைக்கு எழும் நாளில் ஆறரை மணி வாக்கில், வெயில் வந்த பிறகு நடக்கலாம். இதை மட்டும் விட்டுவிடாதே, மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

முதல் மூன்று நாள் பகலில் கண் எரியும், எரிச்சலாக வரும். மத்தியானம் இருபது நிமிடம் படுக்கலாம், மூன்று மணிக்கு மேல் கூடாது. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் டீ கிடையாது. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போனை அணைத்துவிடு. ஒன்பது மணிக்குள் எழுந்து பழகியதும், பத்தேகாலுக்கு உட்கார்ந்து பழைய கேள்வித்தாள் ஒன்றை ஒன்றேகால் வரை எழுது. ராத்திரிப் படிப்பு போய்விடுமே என்று பயப்படாதே. படித்தது நினைவில் உறுதிப்படுவது தூக்கத்தில்தான்.

இன்றைக்கு ராத்திரி அம்மா படுக்கும் முன், இரண்டு மணிக்கு எழ வேண்டாம் என்று சொல்லிவிடு. கேட்க மாட்டார். பழக்கத்தில் எழுந்து அடுப்படிக்கு வருவார். அதனால் டீத்தூள் டப்பாவை எடுத்து உன் மேசை மேல் வைத்துக்கொள்.

ஆறாம் நாள் ஐந்தரைக்கு அடுப்பில் பாலை நீ வை. வெங்காயம் உரித்து, அரிசி களைந்து வைத்துவிட்டு, ஆறு மணிக்கு அம்மாவை எழுப்பு. பரீட்சை நாளன்று காலையிலும் இதேதான். டீயை ஆடை படிவதற்குள் கையில் கொடு.