ஒரு செமஸ்டர் நிற்கட்டும், விடுங்கள்

போன வாரம் ஒரு அம்மாவும் அப்பாவும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங், நான்காவது செமஸ்டர். முதல் வருஷம் நன்றாகப் படித்த பிள்ளை, இப்போது பத்து மணிநேரம் தூங்கி எழுந்தாலும் களைப்பு, பாதி நாள் வகுப்புக்குப் போவதில்லை, கேட்டால் எரிந்து விழுகிறாள். "படிப்பில் பழைய ஆர்வம் வர ஏதாவது வழி சொல்லுங்கள் சார்" என்றார் அம்மா. நானும் கொஞ்ச நேரம் ஆறுதல்தான் சொன்னேன். அப்புறம் அப்பா பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். பெரிய மாமா போட்டுக்கொடுத்த அட்டவணையாம். விடிகாலை ஐந்து மணி தொடங்கி ராத்திரி பதினொன்று வரை கட்டம் கட்டமாக, கல்லூரி முடிந்ததும் கோடிங் வகுப்பு, சனிக்கிழமை வேலைத்தேர்வுப் பயிற்சி. அந்தத் தாளில் அவள் கையெழுத்து ஓரிடத்தில்கூட இல்லை. ஆறுதலை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

அம்மா, இது சோம்பேறித்தனம் இல்லை. ஓயாமல் உழைத்து உடம்பும் மனமும் ஓய்ந்துபோகிற நிலைக்கு பர்ன் அவுட் என்று பெயர். அதை 1974இல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் முதலில் விவரித்து எழுதியது, இலவச மருத்துவமனைகளில் ராப்பகலாக உழைத்தவர்களைப் பார்த்துத்தான். வேலையே செய்யாதவர்களைப் பார்த்து இல்லை. பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் அதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னார்: தீராத களைப்பு, செய்கிற வேலைமேல் ஒரு வெறுப்பு, 'என்னால் எதுவும் ஆகாது' என்ற எண்ணம். இதில் இரண்டாவதைத்தான் வீட்டில் எல்லாரும் திமிர் என்கிறார்கள்.

நல்ல மார்க் வாங்கினால் புது லேப்டாப் என்று மாமா சொல்லியிருக்கிறாராம். 1971இல் எட்வர்ட் டெசி ஒரு சோதனை செய்தார். புதிர்களைப் போடக் காசு வாங்கிய மாணவர்கள், காசு நின்றதும் அதைத் தொடுவதைக் குறைத்துக்கொண்டார்கள். சும்மா போட்டவர்களுக்கு அப்படி ஆகவில்லை. ஆகவே லேப்டாப் வாங்கிக்கொடுங்கள், தேவையென்றால். அதை மார்க்கோடு கட்டிப்போடாதீர்கள்.

தியானம், நடைப்பயிற்சி, போனைத் தள்ளி வைப்பது எல்லாம் நீங்களே படித்திருப்பீர்கள், தாண்டிப் போகிறேன். யாருமே கேட்காத ஒன்று இருக்கிறது: முறைப்படி ஒரு செமஸ்டர் விடுப்பு. பிரேக் ஆஃப் ஸ்டடி, லீவ் ஆஃப் ஆப்சென்ஸ் என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும். கல்லூரியை விட்டு நிற்பதும் இதுவும் ஒன்றில்லை, அவள் பெயர் அங்கேயே இருக்கும். ஆனால் எழுதிக் கேட்க வேண்டும், அதுவும் தேர்வுக்கு முன்னால். வகுப்புக்கும் போகாமல் தேர்வும் எழுதாமல் இருந்தால் அது அரியர், முறைப்படி விண்ணப்பித்தால் விடுப்பு. வீட்டில் கிடப்பது என்னவோ அதே நாட்கள்தான்.

முதலில் துறைத்தலைவரைப் பாருங்கள், அப்புறம் பதிவாளர் அலுவலகம். கேட்க வேண்டியது இவ்வளவு: விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எது, மருத்துவர் கடிதம் வேண்டுமா, கட்டிய கட்டணம் அடுத்த செமஸ்டருக்குக் கணக்காகுமா, உதவித்தொகையும் ஹாஸ்டல் இடமும் என்னாகும், எந்தத் தேதியில் திரும்பிச் சேர வேண்டும், திரும்பும்போது பாடத்திட்டம் மாறியிருந்தால் யார் பொறுப்பு. கல்விக்கடன் இருந்தால் வங்கியிடமும் கேளுங்கள், சில கடன்களில் படிப்பு நின்றதுமே தவணை ஓடத் தொடங்கிவிடும். பதில் எல்லாம் எழுத்தில் வேண்டும். வாய்வார்த்தையை நம்பி வந்து திண்டாடிய பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

விடுப்பு கிடைத்த மறுநாளே அந்த அட்டவணையை எடுக்காதீர்கள். முதல் மூன்று நான்கு வாரம் தூக்கம், சாப்பாடு, வெயிலில் கொஞ்சம் நடை, அவ்வளவுதான். அப்புறம் வாரத்தில் சில மணிநேரம், மனிதர்களோடு பழகுகிற ஏதாவது ஒரு வேலை, நூலகமோ கடையோ சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதோ. தொடங்கினால் முடிகிற வேலையாக இருக்கட்டும், 'என்னால் ஆகும்' என்பது அதில்தான் திரும்ப வரும். கடைசி மாதத்தில் ஒரே ஒரு பாடத்தை மட்டும் எடுத்து, புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தன்னைத்தானே கேள்வி கேட்டுப் படிக்கட்டும். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட அப்படிப் படித்தது அதிக நாள் நினைவில் நிற்கும்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலுமே பிடிப்பில்லாமல் கிடந்தாலோ, சாகலாம் போலிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னாலோ, விடுப்பு அப்புறம், முதலில் மருத்துவர். அந்த வார்த்தை வந்தால் அன்றைக்கே.

சரி, பணம். "இரண்டு வருஷக் கட்டணம் கட்டியாயிற்றே" என்றார் அப்பா. அது போன பணம் சார், படித்தாலும் விட்டாலும் திரும்பி வராது. 1985இல் ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற இருவர் ஒரு கேள்வி கேட்டார்கள்: இரண்டு சுற்றுலாவுக்குப் பணம் கட்டிவிட்டீர்கள், ஒன்றுக்கு அதிகப் பணம், குறைந்த பணம் கட்டியதுதான் அதைவிட நன்றாக இருக்கும், இரண்டும் ஒரே நாளில், எதற்குப் போவீர்கள்? பாதிப் பேருக்கு மேல், சுமாரான பயணம் என்று தெரிந்தும் அதிகம் பணம் கட்டியதையே எடுத்தார்கள். நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள். மீதி இரண்டு வருஷத்துக்குப் புதுக்கடன் வாங்குவதற்கு முன்னால் அவளைக் கேளுங்கள். கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஏனென்றால் மார்க் ஷீட்டில் ஒன்று கண்ணில் பட்டது. எல்லாம் சரிந்திருக்கிற இந்த வருஷத்திலும் புள்ளியியல் மட்டும் 86. கேட்டதும் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். வேறு துறைத் தோழிகளின் ப்ராஜெக்ட்டுக்கு எல்லாம் இவள்தான் தரவுகளைப் பிரித்துக்கொடுக்கிறாளாம், ராத்திரி ஒரு மணி வரை, களைப்பே இல்லாமல். மாமாவுக்குப் புள்ளியியல் என்றால் இளப்பம். எனக்கு இல்லை. விடுப்பு முடிவதற்குள் அந்தத் துறைக்கு மாற முடியுமா, இதுவரை தேறிய கணிதமும் நிரலாக்கமும் அங்கே கணக்கில் சேருமா என்று விசாரியுங்கள். சேராது என்றால் எத்தனை செமஸ்டர் கூடும், எவ்வளவு செலவாகும் என்று தாளில் எழுதிப் பார்த்து முடிவெடுக்கலாம்.

மாமாவிடம் நான் பேசவா என்று அம்மா கேட்டார். இப்போது வேண்டாம், விடுப்புக் கடிதம் கைக்கு வந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம். அடுத்த வாரம் வரும்போது நீங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வெளியே உட்காருங்கள், நான் அவளோடு பேச வேண்டும்.