ஜிம் மாஸ்டர் வேலைக்கு மகன் போகும் முன்

பி.காம். முடித்த மகன், வங்கித் தேர்வெல்லாம் வேண்டாம், ஜிம்மில் பர்சனல் ட்ரெய்னராகப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். ஊசி கீசி என்று கெட்டுப்போவானோ, பெண்கள் வந்துபோகும் இடத்தில் புகாரில் மாட்டுவானோ, யாராவது மயங்கி விழுந்தால் பழி இவன் தலையில் விடியுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் வீண் பயம் இல்லை அம்மா. இந்தத் தொழிலில் ஒருவர் பெயர் கெடுவதென்றால் பெரும்பாலும் இந்த வழிகளில்தான் கெடும். உடம்பு ஏற்றத் தெரிந்த பையன்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். இது என் வேலை, இது என் வேலை இல்லை என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. உங்கள் மகனிடம் சோதித்துப் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவதைத்தான்.

சான்றிதழ் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வக்கீலுக்கு பார் கவுன்சில் மாதிரி ட்ரெய்னருக்கு நம் நாட்டில் கட்டாய உரிமம் எதுவும் கிடையாது. டி-ஷர்ட்டில் 'கோச்' என்று அச்சடித்துக்கொண்டால் யாரும் கோச்தான். அதனாலேயே நல்ல சான்றிதழுக்கு மதிப்பு. மத்திய அரசின் திறன் மேம்பாட்டுக் கட்டமைப்பில் 'ஃபிட்னஸ் ட்ரெய்னர்' என்ற தகுதி இருக்கிறது. விளையாட்டு, உடற்கல்வித் துறைக்கான திறன் கவுன்சில் அதை நடத்துகிறது. வெளிநாட்டுச் சான்றிதழ்களில் ஏ.சி.இ., என்.ஏ.எஸ்.எம். என்ற அமெரிக்க அமைப்புகள் தருபவை பெரிய ஜிம்களில் எடுபடும். ஏ.சி.இ. எழுத 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு மார்பை அமுக்கிச் செய்யும் முதலுதவி) சான்றிதழ் கையில் இருக்க வேண்டும், 2 வருடத்துக்கு ஒருமுறை 20 மணி நேரம் தொடர்கல்வி படித்துப் புதுப்பிக்க வேண்டும். வார இறுதி இரண்டு நாளில் சான்றிதழ் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கட்ட வேண்டாம். பி.பி.எட். படிக்கலாமா என்றால் படிக்கலாம், ஆனால் அது பள்ளி உடற்கல்வி ஆசிரியராகும் பாதை. தொழில் வேறு.

இனி முதல் நாள். புதிதாக ஒருவர் சேர்ந்தால் பளுவைத் தொடும் முன் ஏழு கேள்விகள் கேட்டு எழுதி வாங்க வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள நடைமுறை. பார்-கியூ என்பார்கள். இதயக் கோளாறு இருப்பதாக டாக்டர் சொன்னதுண்டா, உடலை அசைத்து வேலை செய்யும்போது நெஞ்சு வலிக்கிறதா, போன மாதம் சும்மா இருக்கும்போது வலித்ததா, தலைசுற்றி விழுந்ததுண்டா, எலும்பிலோ மூட்டிலோ தொல்லை உண்டா, பிரஷருக்கோ இதயத்துக்கோ மாத்திரை உண்டா, பயிற்சி செய்யக் கூடாததற்கு வேறு காரணம் ஏதும் உண்டா. ஒன்றுக்கு 'ஆம்' வந்தாலும் டாக்டரின் கடிதம் வரும்வரை காத்திருப்பது முறை. பல ஜிம்களில் இந்தத் தாள் இருக்கும், ரிசப்ஷனில் கையெழுத்து மட்டும் வாங்கி ஃபைலில் சொருகிவிடுவார்கள். பயிற்சி கொடுப்பவர் படித்திருக்கவே மாட்டார்.

படிக்காவிட்டால் என்ன ஆகும்? 52 வயதுக்காரர், பிரஷருக்கு அட்டெனோலால் போடுகிறார் என்று வையுங்கள். ட்ரெய்னர் 220-இலிருந்து வயதைக் கழித்து 168 என்று கணக்கிடுகிறார். அதில் 70 சதவீதம், அதாவது 118 வரை நாடித்துடிப்பு ஏற வேண்டும் என்று ட்ரெட்மில்லில் வேகத்தைக் கூட்டுகிறார். அந்த மாத்திரையின் வேலையே நாடித்துடிப்பை அடக்குவது. மனிதர் மூச்சு வாங்கித் தவிப்பார், வாட்ச் 100-ஐத் தாண்டாது, 'இன்னும் கொஞ்சம் சார்' என்று இவர் விரட்டுவார். இப்படிப்பட்டவருக்கு எண்ணைப் பார்க்கக் கூடாது, பேச்சைப் பார்க்க வேண்டும். ஒரு முழு வாக்கியம் திணறாமல் பேச முடிகிறதா என்பதே அளவு. காலால் பளுவைத் தள்ளும் லெக் பிரஸ்ஸில் மூச்சை அடக்கித் தள்ளவும் விடக் கூடாது. அந்தச் சில நொடிகளில் ரத்த அழுத்தம் கிடுகிடுவென ஏறும்.

சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுப்பவர் மாலையில் ஆபீஸிலிருந்து வெறும் வயிற்றோடு நேரே வருவார். நடுவில் கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், பேச்சு குழறும். ஜிம்மில் வியர்ப்பது யாருக்குச் சந்தேகம் தரும்? உடனே நிறுத்தி, விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து ரத்தச் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-தான். இதெல்லாம் ட்ரெய்னர் வேலைக்குள் வரும். 'எடை குறைஞ்சிடுச்சு, மாத்திரையை நிறுத்திடுங்க சார்' என்பது வராது. அந்த ஒரு வாக்கியம் டாக்டருக்கு மட்டும் உரியது. அதேபோல முழங்கால் வலி என்று வந்தவரிடம் 'லிகமென்ட் போயிருக்கும்' என்பதும், ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறியவருக்கு, அதாவது சிறுநீரகம் பலவீனமானவருக்கு, வாட்ஸ்அப்பில் டயட் சார்ட் அனுப்பி புரோட்டீனைக் கூட்டுவதும் எல்லை மீறுவதுதான். பொதுவாகச் சாப்பாடு பற்றிப் பேசலாம். நோயாளிக்குத் தட்டு போட்டுக் கொடுப்பது டயட்டீஷியன் வேலை.

இன்னொரு விபத்து அதிகம் பேசப்படுவதில்லை. புதிதாக வந்த பையனை முதல் நாளே நூற்றுக்கணக்கில் ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது) போட வைத்து 'கெத்து' காட்டுவது. மறுநாள் தொடை வலிப்பது இயல்பு, இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். ஆனால் தொடை கல் மாதிரி வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அது வேறு. தசை நார்கள் சிதைந்து ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். 'முதல் வாரம் அப்படித்தான் ப்ரோ இருக்கும்' என்று சொல்லும் ட்ரெய்னர் சிறுநீரகத்தோடு விளையாடுகிறார். அன்றே ஆஸ்பத்திரி. முதல் வாரம் ஒரு பயிற்சிக்கு ஒன்றிரண்டு செட் போதும், களைத்து விழும்வரை போக வேண்டியதில்லை.

இப்போது ஊசிக்கு வருகிறேன். பெரும்பாலும் அது ஊசியில் தொடங்குவதில்லை, டப்பாவில் தொடங்கும். லேபிள் சரியில்லாத 'ஃபேட் பர்னர்', பிறகு 'மாஸ்டர், ரெண்டு மாசத்துல சைஸ் வேணும்' என்று கேட்கும் வாடிக்கையாளர், பிறகு யாரோ கொண்டுவந்து தரும் டெஸ்டோஸ்டிரோன், நான்ட்ரோலோன், ஸ்டானோசோலால் என்ற தசை வளர்க்கும் ஸ்டீராய்டுகள். சில ஊர்களில் மெஃபென்டெர்மின் என்ற மருந்தும் புழங்குகிறது. மயக்க மருந்து கொடுக்கும்போது விழுந்துவிடும் ரத்த அழுத்தத்தைத் தூக்க ஆபரேஷன் தியேட்டரில் வைத்திருக்கும் மருந்து அது. பளு தூக்கும் முன் 'கிக்'குக்காகப் போட்டுக்கொள்கிறார்கள்! இவை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. உரிமம் இல்லாமல் மருந்து விற்பது 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி குற்றம். 'நான் விற்கலை, வாங்கித்தான் கொடுத்தேன்' என்ற சமாதானம் காப்பாற்றும் என்று நம்பக் கூடாது. வாடிக்கையாளர் போட்டிக்குப் போகும் வீரர் என்றால் 2022-இன் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். மருந்து கொடுத்தவர், ஒத்தாசை செய்தவர் எல்லோரும் அதில் பொறுப்பாளிகள்.

ஸ்டீராய்டுகளால் உடலுக்கு வரும் கேடு உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும். ஆண்களுக்கு மார்பு பெண்களைப் போல வீங்குவது, விதை சுருங்குவது, விந்தணு குறைவது, நல்ல கொழுப்பு சரிவது, இதயத் தசை தடிப்பது. ஒரே ஊசியைப் பகிர்ந்துகொண்டால் மஞ்சள் காமாலை பி, சி வகைகள். மகன் முதுகிலும் தோளிலும் திடீரென்று முகப்பரு மாதிரி கொப்புளங்கள், அடிக்கடி எரிச்சல், சில வாரங்களில் ஏழெட்டுக் கிலோ ஏற்றம் என்றால் கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள். அவன் மீதும் ஒரு நெருக்கடி இருக்கிறது, ட்ரெய்னரின் உடம்புதான் அவனுடைய விசிட்டிங் கார்டு. தான் மருந்து போட்டு வளர்த்த உடம்பைக் காட்டி 'முட்டையும் சிக்கனும்தான் அண்ணா' என்று வாடிக்கையாளரிடம் சொல்வது இந்தத் தொழிலின் மிக மலிவான பொய்.

சப்ளிமென்ட் விற்பது தவறில்லை. டப்பாவில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும், சீல் உடைந்திருக்கக் கூடாது, கமிஷன் வருகிறது என்றால் வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும். இட்லியும் சுண்டலும் முட்டையும் போதும் என்கிற ஆளுக்கு நான்காயிரம் ரூபாய் டப்பாவைத் தலையில் கட்டக் கூடாது.

பெண் வாடிக்கையாளர் விஷயத்தில் நல்ல எண்ணம் மட்டும் போதாது, பழக்கம் வேண்டும். சொல், செய்து காட்டு, கேள், அதன் பிறகே தொடு. இந்த வரிசை மாறக் கூடாது. பெரும்பாலான திருத்தங்கள் முதல் இரண்டிலேயே முடிந்துவிடும். 'முழங்காலைச் சுண்டுவிரல் பக்கமா தள்ளுங்க மேடம்' என்று சொன்னால் போதுமான இடத்தில் கை வைக்க வேண்டியதே இல்லை. தொட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், 'தோள்பட்டைக்குப் பின்னாடி ரெண்டு விரல் வச்சுக் காட்டட்டுமா?' என்று கேட்டு, இடத்தையும் சொல்லி, சரி என்ற பிறகு. நேற்று சரி என்றார் என்பது இன்றைக்குச் செல்லாது.

ஸ்குவாட்டுக்கு ஸ்பாட் கொடுப்பதில், அதாவது பளு தூக்குபவர் தடுமாறினால் தாங்கத் துணை நிற்பதில், பழைய முறை ஒன்று உண்டு. பின்னால் ஒட்டி நின்று, இரு கைகளையும் அக்குள் வழியே விட்டு மார்பருகே தாங்கத் தயாராக நிற்பது. ஆண்களுக்குள் யாரும் கவலைப்படாத அந்த நிலைதான் புகாராக வெடிக்கும். தேவையும் இல்லை. ரேக்கில் உள்ள சேஃப்டி கம்பிகளை, அவர் முழுதும் உட்காரும்போது பார் நிற்கும் உயரத்துக்கு ஓரிரு அங்குலம் கீழே பொருத்திவிட்டால் முடியாதபோது பார் கம்பியில் உட்கார்ந்துவிடும். பளு அதிகம் என்றால் பாரின் இரு முனைகளிலும் இருவர் நிற்கலாம். டம்பெல் பிரஸ்ஸில் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் தாங்கினால் போதும். முழங்கையில் தாங்கினால் கை மடங்கி டம்பெல் முகத்தில் விழும் ஆபத்தும் உண்டு.

இடுப்பு அளவு எடுக்க டேப்பை அவரிடமே கொடுத்துச் சுற்றச் சொல்லிவிட்டு எண்ணை மட்டும் படிக்கலாம். பயிற்சி முடிவில் ஸ்ட்ரெச்சிங்கை எல்லோரும் பார்க்கும் தளத்தில் வைக்க வேண்டும், துண்டைப் பாதத்தில் மாட்டித் தானே இழுத்துக்கொள்ளக் கற்றுக்கொடுப்பது இன்னும் நல்லது. வீட்டுக்குப் போய்ப் பயிற்சி கொடுப்பதென்றால் ஹாலில், கதவு திறந்து, வீட்டில் இன்னொருவர் இருக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு 'சாப்ட்டீங்களா' மெசேஜ் வேண்டாம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் இன்ஸ்டாகிராமில் போடக் கூடாது, முகத்தை மறைத்தாலும். இருவருக்கும் உண்மையிலேயே பிடித்துப்போனால்? நடக்கிற கதைதான். அன்றே அந்த வாடிக்கையாளரை வேறு ட்ரெய்னரிடம் ஒப்படைத்துவிட வேண்டும், காசு வாங்கிக்கொண்டு தொடரக் கூடாது.

18 வயதுக்குக் கீழே உள்ளவர் என்றால் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் தொடங்கவே கூடாது. அங்கே போக்ஸோ சட்டம் பேசும். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இல் வந்தது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஜிம்மில் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். பயிற்சிக்கு வரும் பெண்ணும் அதில் புகார் தரலாம். குழு ஒழுங்காக இருக்கும் இடம் உங்கள் மகனுக்கும் பாதுகாப்புதான், பொய்ப் புகார் என்றாலும் விசாரிக்க ஓர் இடம் இருக்கிறதே.

பணத்தில் இரண்டு விஷயம் போதும். ஜிம் மூலம் வந்தவரிடம் 'வெளியில வாங்க, பாதி ரேட்டுக்குச் சொல்லித்தரேன்' என்று தன் ஜி-பே எண்ணைக் கொடுப்பது திருட்டுக்குச் சமம், ஊருக்குள் பெயரும் போய்விடும். 30 நாளில் 10 கிலோ என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது. வாரத்துக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ என்பதே நிற்கிற கணக்கு.

நேர்காணலில் அவனும் ஜிம்காரரைக் கேள்வி கேட்கட்டும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, பர்சனல் ட்ரெய்னிங் கட்டணத்தில் பங்கு எவ்வளவு, எழுத்தில் கிடைக்குமா? டப்பா விற்க மாத இலக்கு உண்டா? விபத்துப் பதிவேடு இருக்கிறதா? நின்ற இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவி எங்கே மாட்டியிருக்கிறது? இலக்கு உண்டு, பதிவேடு இல்லை என்ற பதில் வந்தால் அடுத்த ஜிம்மைப் பார்க்கலாம்.

பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டும் முன் அங்கேயும் ஒரு கேள்வி கேளுங்கள். சி.பி.ஆர். பொம்மையில் செய்து பழகுவோமா, வீடியோவில் மட்டும் காட்டுவீர்களா? நிமிடத்துக்கு 100 முதல் 120 அமுக்கம், 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழம். திரையில் பார்த்து அந்த ஆழம் கைக்கு வராது, பொம்மையின் மார்பு அமுங்கி எழும்போதுதான் எவ்வளவு பலம் வேண்டும் என்று தெரியும். வீடியோதான் என்றால் வேறு நிறுவனம் பாருங்கள்.